பின் சீட்டில் இருந்தவர்

வழியில் நின்றுபோன வண்டிகளைச் சரிசெய்யப் போகும் பிரேக்டவுன் வேனில் புதிதாக ஏறப்போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கண்டுபிடிக்கும் வரிசையை நான் எழுதப் போவதில்லை. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பெட்ரோல், பிளக் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே வந்துவிடும். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வேறு கையில் கொடுக்கிறார்கள். எனக்கும் கடைசி வருடங்களில் ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் சொல்லப்போகும் நாளில் அது பையை விட்டு வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

செங்கல்பட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த வேனுக்கு வந்தவன் நான். முட்டுக்காட்டிலிருந்து கடற்கரை ஓரமாகச் சதுரங்கப்பட்டினம் வரை, உள்பக்கம் செங்கல்பட்டு வரை என் எல்லை. கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தவறிப்போன இரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை.

அந்த வாரம் மட்டும் மூன்று கார்களில் பெட்ரோல் பம்ப் போயிருந்தது. மூன்றையும் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தேன். கோடை வெயில், பாதி காலியான டேங்க், பம்ப் சூடாகிச் செத்துப்போகும் என்று ஆபீசில் எல்லோருக்கும் விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாவது அழைப்பு ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வந்தது. எங்கள் ஆபீசில் அழைப்புகளை வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஸ்பானர் பிடித்ததே இல்லை. இந்தத் தொழிலில் உனக்கு யார் குரு என்று இன்றைக்குக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

"அண்ணா, சதுரங்கப்பட்டினத்துலருந்து திருக்கழுக்குன்றம் போற ரோட்ல நிக்குது. பெட்ரோல் வண்டி. செல்ஃப் அடிக்குது, இன்ஜின் புடிக்கல. ஒரு லேடி ஓட்டிகினு வந்துருக்காங்க. கூட அவங்க அப்பா கீறாரு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போணுமாம்."

அவர் சொன்னதில் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்ற இரண்டை மட்டும் என் காது எடுத்துக்கொண்டது.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல். ஒரே ஒரு வேப்பமரம். சின்ன வெள்ளைக் கார். அதன் அருகே நின்றிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கலா. பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதி ஆபீசில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அப்பாவை இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகிற திட்டம்.

பின் சீட்டில் அவருடைய அப்பா. எழுபதைத் தொட்ட மனிதர். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. செருப்பை முழுதாகப் போட முடியாமல் விரல்களை மட்டும் நுழைத்திருந்தார். பாதம் வீங்கியிருந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"எப்பலருந்தும்மா?"

"இப்பதாண்ணா. நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. நைனாவுக்கு வாந்தி வர மாதிரி கீதுன்னாரு. ஓரமா நிறுத்தி, எறங்கி ரெண்டு நிமிஷம் காத்து வாங்குனாரு. திரும்ப ஏறி சாவி போட்டா எடுக்கல." அப்பாவை அவர் நைனா என்றுதான் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் நான் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடந்தது? நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். பின்பக்கமிருந்து பம்ப் ஓடும் அந்த மெல்லிய ரீங்காரம் வர வேண்டும். வரவில்லை. எனக்குள் உடனே பதில் வந்துவிட்டது.

"பெட்ரோல் பம்பும்மா" என்றேன். "இல்ல அதோட ரிலே. பத்து நிமிஷம்."

"பதினோரு மணிக்கு டயாலிசிஸ்ணா. போன தடவையும் போவல. ஒரு கல்யாணம்னு நைனா போயிட்டாரு. இன்னிக்குக் கண்டிப்பா மெஷின்ல ஏத்தணும்."

"போயிடலாம்மா."

ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டை விடும் ரிலேயைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன சரக்கு வேன் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. மீன் பெட்டி ஏற்றிய வண்டி. ஓட்டியவர் கலாவுக்குத் தெரிந்தவர், அவர்கள் ஊர்க்காரர்.

"இன்னா கலா, வண்டி மக்கர் பண்ணுதா? நைனாவ முன்னாடி ஏத்து. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குத்தான் போறேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

கலா என்னைப் பார்த்தார். "ஆயிடுமாண்ணா? இல்ல இவர் கூட அனுப்பிடட்டுமா?"

மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்த வண்டியை நானும் பார்த்தேன். என் கையில் ரிலே இருந்தது. "எதுக்கும்மா மீன் வண்டில? பத்து நிமிஷத்துல உங்க வண்டிலயே போலாம்" என்றேன்.

வேன் போய்விட்டது.

இந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். எந்த ஒயரையும் மாற்றிப் பிடிக்கவில்லை. எந்த நட்டையும் உடைக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான்.

ரிலே மாற்றியும் பம்ப் ஓடவில்லை. அப்படியென்றால் பம்பேதான். அந்த வகைக் காரில் பம்பைத் தொட வேண்டுமானால் பின் சீட்டைத் தூக்க வேண்டும். பின் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எறங்குறீங்களா?"

கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என் வேனில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை வேப்பமரத்தடியில் போட்டேன். அவர் மெதுவாக நடந்து போய் அதில் உட்கார்ந்தார். அந்தப் பத்தடிக்கு அவர் இரண்டு முறை நின்றார். நான் அதற்குள் சீட்டைத் தூக்க ஆரம்பித்திருந்தேன்.

பம்பின் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். கரண்டே வரவில்லை. பம்ப் மேல் குற்றமில்லை, அதற்குக் கரண்டை விடாமல் ஏதோ தடுக்கிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். இன்று உங்களுக்கு அமைதியாக உட்கார்ந்து சொல்லும்போது அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் முடிந்தது. பம்ப் என்று முதலில் சொல்லிவிட்டேன் இல்லையா, அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

போன் அடித்தது. எங்கள் ஆபீஸ் பெண்.

"அண்ணா, ஆச்சா?"

"பம்பு லைன்ல ப்ராப்ளம். பாத்துகினு கீறேன்."

"டேஷ்போர்டுல எதுனா லைட்டு மின்னுதா கேட்டீங்களா? ஸ்கேனர் போட்டுப் பாத்தீங்களா?"

"நான் பாத்துக்கறேம்மா. நீ போன வை."

வெயில் கண்ணாடி வழியாக டேஷ்போர்டில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்த விளக்கும் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் தெரியாமல் போகாது. குனிந்து, கையால் மறைத்துப் பார்த்தால் தெரியும். நான் பின் சீட்டு ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தேன்.

மணி பத்து இருபது. நிமிர்ந்தபோது மரத்தடியில் அவர் முகம் வெளுத்து, நெற்றி பூராவும் வியர்வையோடு இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நூறடி தள்ளி ஒருவர் மூன்று சக்கர வண்டியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஒன்று சீவி வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகும் நேரம் கலா வந்து அதைப் பிடுங்கினார். இளநீர் மண்ணில் கொட்டியது.

"இன்னாண்ணா பண்றீங்க? கிட்னி போனவங்களுக்கு இத குடுக்கவே கூடாது. பச்சத் தண்ணியே அளந்துதான் குடுக்கறேன். உள்ள போனா ஹார்ட்டு நின்னுடும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு." குரல் உயரவில்லை. அப்பாவிடம் திரும்பினார். "உனுக்குத் தெரியாதா நைனா? நீ ஏன் வாங்குன?"

"அவரு ஆசையா குடுத்தாரு" என்றார் அவர். அன்று நான் கேட்ட அவருடைய முதல் வார்த்தைகள் அவை.

நான் நின்றுவிட்டேன். காரில் செய்ததையே மனிதரிடமும் செய்திருந்தேன். கேட்காமல், எனக்குத் தெரியும் என்று ஒன்றைச் செய்துவிடுவது. அந்த நிமிடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "ஒரே ஒரு ஒயர்தாம்மா. அஞ்சு நிமிஷம்."

கலா என்னை நேராகப் பார்த்தார். "பத்து நிமிஷம்னு சொன்னீங்க. அப்புறமும் பத்துன்னீங்க. இப்ப அஞ்சுன்றீங்க. எனக்கு நெஜத்த சொல்லுங்கண்ணா. வண்டிக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் மறுபடியும் காரிடம் வந்து மீட்டரைக் கையில் எடுத்திருந்தேன். எதிரே பழுப்பு ஒயர் தெரிந்தது. அது சீட்டுக்கு அடியிலிருந்து கதவு ஓரமாக முன்னால் போகிறது, அதன் மேல் மூடியைக் கழற்ற இரண்டு நிமிஷம். முப்பது வருடத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொல்லாத பதிலை அப்போது சொன்னேன்.

"தெரியலம்மா."

சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூல் சாய்ந்த சத்தம் கேட்டது. அவர் விழவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாயால் வந்தது. ஓடிப்போய்த் தாங்கினேன். படுக்க வைக்கப் பார்த்தேன். அதற்குள் நிறுத்திவிட்டு, முதல் தடவையாகக் கேட்டேன்.

"படுக்க வெக்கலாமாம்மா?"

"வேணாம். படுத்தா மூச்சு முட்டும். நிமித்தியே வெச்சுக்கங்க."

கலா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். ரோட்டில் ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. என் வேன் நின்றிருந்தது. வாடிக்கையாளரை வேனில் ஏற்றக்கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. வழியில் எது நடந்தாலும் பொறுப்பு என் தலையில். முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். காரை அப்படியே, சீட்டைப் பிரித்துப் போட்டபடி, பூட்டிவிட்டுக் கிளம்பினோம். அவரை நடுவில் உட்கார வைத்தோம். கலா அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பேஷண்ட்ட வேன்ல ஏத்திகினு வரேன். மூச்சு வாங்குது" என்றேன். விதியைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. கலாவிடம் அப்பாவின் பெயர், கடைசியாக எப்போது டயாலிசிஸ் ஆனது என்று இரண்டே கேள்வி. "நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். வாசல்ல ஸ்ட்ரெச்சர் நிக்கும். அண்ணா, அவரப் பேச வெச்சுகினே வாங்க."

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது அவர் தலை தொங்க ஆரம்பித்தது.

"ஐயா, நீங்க இன்னா வேல பாத்தீங்க?"

"டிராக்டரு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "முப்பது வருசம்" என்றார்.

"அப்ப இன்ஜின் பத்தி உங்களுக்குத் தெரியும்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்தார். "அது பம்பு இல்ல தம்பி. ஓடிகினு வந்த வண்டி. எறங்கி ஏறதுக்குள்ள... பம்பு எப்டிப் போவும்?"

நான் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தேன்.

"சாவி வண்டிக்குள்ள கீழ வுழுந்துச்சு. கலா கையிலருந்து. ரெண்டா தொறந்துகிச்சு. அழுத்தி மூடிட்டு... போட்டா. அதுலருந்துதான் எடுக்கல."

"நைனா, பேசாத" என்றார் கலா. பிறகு என்னிடம், "ஆமாண்ணா, வுழுந்துச்சு. நேத்துதான் பொத்தேரில ரோட்டுக் கடையில அதுக்குப் புது கவர் மாத்துனேன். அதுல இன்னா பெருசா கீதுன்னு நெனச்சு நான் சொல்லலண்ணா" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும். புளியங்கொட்டையில் பாதி கூட வராது. வண்டி அதை அடையாளம் கண்டால்தான் பெட்ரோலை விடும். இல்லையென்றால் செல்ஃப் மட்டும் சுற்றும், இன்ஜின் பிடிக்காது, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் சில்லைச் சரியாகப் பொருத்தவில்லை. விழுந்த வேகத்தில் அது வெளியே தெறித்திருக்கிறது.

"ஐயா, இத ஏன் அப்பவே சொல்லல?"

"வேலைல கீற ஆளுகிட்ட... குறுக்க பேசக் கூடாதுன்னு." இரண்டு மூச்சு விட்டார். "நீயும் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் எதையெதையோ கேட்டேன். பதில் வரவில்லை. கலா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. சிலர் திட்டினார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எதிர் வரிசையை நிறுத்தி எங்களை விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. அவரை இறக்கியபோது நகமெல்லாம் நீலம்.

கதவு மூடியது. கலா உள்ளே போய்விட்டார். நான் வராந்தாவில் நின்றேன். என் கையில் இன்னும் அந்தக் கார் சாவி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நர்ஸ் வந்து, ஊசி போட்டிருக்கிறோம், மெஷினில் ஏற்றிவிட்டோம், கொஞ்சம் தாங்குகிறார், இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார். அவர் என்னை மகன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அதன் பிறகு காருக்குத் திரும்பினேன். டிரைவர் சீட்டு மிதியடியைத் தூக்கி உதறினேன். கறுப்பாக, சின்னதாக, அது விழுந்தது. சாவிக்குள் வைத்து மூடினேன். திருப்பியதும் பின்னாலிருந்து பம்பின் ரீங்காரம் வந்தது. ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. இரண்டு நிமிட வேலை. ஓடுகிற இன்ஜினைக் கேட்டு எனக்கு எந்தக் காலத்திலும் அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. சீட்டைப் பூட்டி, அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கலா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்தேன். சில்லைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "மீன் வண்டிய நான் அனுப்பி வுட்டது தப்பும்மா. அதுல போயிருந்தா பத்தரைக்கெல்லாம் வந்துருப்பாரு" என்றேன்.

சாவியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நான் உங்களத்தாண்ணா நம்புனேன்" என்றார். "எங்க ஊரு ஆள அனுப்பிட்டு உங்கள நம்புனேன். மெக்கானிக்கு சொல்றாரேன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அவருடைய அப்பா நாலு நாளில் வீட்டுக்குப் போனார் என்று பிறகு ஆபீஸ் பெண் மூலம் தெரிந்துகொண்டேன். நான் போன் செய்யவில்லை. தைரியம் வரவில்லை.

மறுநாள் வேலை அறிக்கை எழுத வேண்டும். "சாவியின் சில்லு இடம் மாறியிருந்தது. பொருத்தப்பட்டது. இரண்டு நிமிடம்" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆபீஸ் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, என் பக்கமே திருப்பி வைத்தார்.

"அண்ணா, ஒம்பதே முக்காலுக்குப் போய்ச் சேந்தீங்க. பத்தரைக்குத்தான் அங்கருந்து கெளம்புனீங்க. அந்த முக்கால் மணி நேரம் எங்க?"

"அத எழுதி இன்னாம்மா ஆவப்போவுது?"

"நாளைக்கு வேற ஒருத்தர் அந்த ரோட்டுக்குப் போவாரு. அவருக்கு வேணும்."

நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். கேட்காதது, பம்ப் என்று சொன்னது, சீட்டைத் தூக்க நோயாளியை வெயிலில் இறக்கியது, இளநீர், விதியை மீறி வேனில் ஏற்றியது. வேனில் ஏற்றியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. மற்றது எதற்கும் எதுவும் வரவில்லை. கம்பெனிக் கணக்கில் வண்டி சரியாகிவிட்டது, வாடிக்கையாளர் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மீன் வேனைப் பற்றி எழுத மட்டும் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை. உதவிக்கு வந்த ஒரு வண்டியை மெக்கானிக் திருப்பி அனுப்பினார் என்று எங்கே நிரப்புவது? நிறைய நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் போகிற இடத்தில் வண்டி நின்றிருக்கும், அதற்குள்ளோ பக்கத்திலோ ஆள் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள். எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு, போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அவர் போவதற்கு வேறு வழி இருந்தால் அதில் ஏற்றி அனுப்புங்கள். வண்டி காத்திருக்கும்.